3,000 இல் நின்ற கணக்கு

நான் பேஸ்போல் ஆட்டம் எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் டிசெம்பர் 31 வந்தால் ரொபேர்ட்டோ கிளெமென்டேயை நினைத்துக்கொள்வேன்.

1934 இல் புவேர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில், கரும்புத் தோட்டக் கங்காணி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். 1955 முதல் 18 பருவங்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் பைரேட்ஸ் அணிக்காக மட்டுமே ஆடினார். கறுப்பர் என்றும் ஸ்பானிய மொழி பேசுபவர் என்றும் அங்கே அவமதிக்கப்பட்டார்.

1972 அவரது கடைசிப் பருவம். செப்டெம்பர் 30 அன்று 3,000 ஆவது ஹிட்டை அடித்தார். அதற்கு முன் பத்துப் பேரே அந்த எண்ணிக்கையைத் தொட்டிருந்தனர். தனது பிரிவில் முதலிடம் பெற்ற பைரேட்ஸ், அடுத்த சுற்றில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் தோற்றது.

டிசெம்பர் 23 அன்று நிலநடுக்கம் நிக்கரகுவாவின் தலைநகர் மனாகுவாவைச் சிதைத்தது. கிளெமென்டே நிவாரணப் பொருட்களைத் திரட்டி அனுப்பினார். அவை மக்களைச் சேராமல் ஆட்சியாளர்களின் கைக்குப் போவதாக அறிந்ததும், தானே கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டார். நிவாரண வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்பியவர்களுக்கு அந்த முடிவின் பெறுமதி விளங்கும்.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய விமானம் சிறிது நேரத்தில் கடலில் வீழ்ந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவேயில்லை. ஹிட் கணக்கு இன்றும் சரியாக 3,000.

கல்லறை இல்லாதவர்களை நினைவுகூரப் பழகியவர்கள் நாங்கள். அவர்களுடன் சேர்த்து இவரையும் நினைக்கிறேன்.