கோபாலனின் கால்கள்

தரவளை மைதானத்திலே பனிமூட்டம் கலையுமுன் பந்துவீசப் பழகும் மாணவர் பலர், வேகம் தோளிலேயே பிறக்கிறதென்று எண்ணுகின்றனர். அன்னோர்க்கு எம். ஜே. கோபாலனின் வரலாற்றைச் சொல்லுதல் தகும்.

செங்கற்பட்டுச் சீமையின் மொரப்பாக்கத்தில் 1909இல் பிறந்த அவர்தம் திறனை முதலிற் கண்டு கைகொடுத்தவர் சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். 1934 நவம்பர் 4ஆம் நாள், சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கிண்ணத்தின் முதற் பந்தை வீசியவர் கோபாலனே. மைசூரை எதிர்த்த அவ்வாட்டம் அன்றே முடிந்துபோயிற்று.

உடற்பயிற்சிக் கூடங்கள் மலிந்திராத காலம் அது. ஆயின் கோபாலனுக்கு ஹொக்கி இருந்தது. அதிலே நடுநிலைக் காப்பாளர் அந்நாளில் எழுபது நிமிடமும் முன்னும் பின்னும் ஓட வேண்டியிருந்தது. பந்து வீசுவோன் முன்காலை ஊன்றுங்கால், உடலெடையின் பன்மடங்கை அக்கால் ஏற்கிறது. அவ்வுரம் ஓடியோடியே வருவது. கொழுந்துக் கூடையுடன் மேடேறும் நம் தாய்மாரைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

அவரை வளர்த்த இரண்டு ஆட்டங்களுமே 1936இல் அவரை இருபுறமும் இழுத்தன. முந்திய ஆண்டு தியான் சந்துடன் நியூசிலாந்து சென்று, 48 ஆட்டங்கள் ஆடிய அணியில் இருந்தவர் அவர். எனினும் பெர்லின் ஒலிம்பிக் வாய்ப்பை விடுத்து, கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார். ஹொக்கி அணி பொற்பதக்கம் கொண்டது. கோபாலனுக்கோ மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் இடமில்லை. 1934இல் கல்கத்தாவில் ஆடியதே அவருடைய ஒரே டெஸ்டாயிற்று. அத்தெரிவைப் பிழையென்று சொல்ல யான் துணியேன்.

1952-53 பருவம் முதல் சென்னையும் இலங்கையும் பொருதிய கிண்ணம் அவர் பெயரைத் தாங்கியது. டெஸ்ட் தகுதி எய்தாத அந்நாளில் நம் நாட்டு வீரர்க்கு அது பெருங்களம். கோபாலன் 2003 டிசம்பரில், தம் 94ஆம் வயதில் சென்னையிற் காலமானார்.