தோணியேறித் தீவுக்குப் போன சுவாமியார்

ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய அர்ச். இராயப்பர் கோவிலை நீங்கள் அறிவீர்கள். துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குக் கடலும் தோணியும் புதிதல்ல. பாய்த்தோணி ஏறி ஒரு தீவின் துறையில் கூலியாள் வேஷத்தில் இறங்கிய குருவானவர் ஒருவரின் சரித்திரத்தை இன்று கேளுங்கள்.

அவரே அர்ச். ஜோசப் வாஸ். கோவாவைச் சேர்ந்த பெனாலிம் என்னும் ஊரில் 1651-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி பிறந்தார். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் வசமாயிருந்தது. 1658-ல் யாழ்ப்பாணத்தை அவர்கள் பிடித்ததும் குருக்களைத் துரத்தினார்கள். ஏறக்குறைய 30 வருஷம் அங்குள்ள கத்தோலிக்கர் மேய்ப்பனற்ற ஆடுகளாயிருந்தார்கள். இதைக் கேட்ட சுவாமியாருக்கு மனம் பொறுக்கவில்லை.

1687-ல் தமது அங்கியைக் களைந்தார், கூலிக்காரனைப்போல் உடுத்தினார், ஜான் என்னும் ஊழியனோடு தூத்துக்குடியில் தோணி ஏறினார். கடலோ கொந்தளித்தது. மன்னாரில் ஒதுங்கி, பின்பு யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுக்கடுப்பால் நடக்கவும் சக்தியற்றிருந்தார்.

நோய் தணிந்தது. ஆனால் அந்நிய ஊரில் கத்தோலிக்கர் யாரென்று எப்படி அறிவது? வாய்விட்டுக் கேட்டால் சிறைதான். அவர் என்ன செய்தார் தெரியுமா? கழுத்தில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வீடு வீடாய்ப் பிச்சைக்குப் போனார். ஜெபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று பார்த்தார். மலர்ந்த முகங்களும் இருந்தன! பிறகு சில்லாலை ஊரார் அவரை ஒளித்து வைத்துக் காத்தார்கள். இரவில் பூசை செய்வார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், விடியுமுன் மறைவார்.

1692-ல் கண்டிக்குப் போனார். ஒற்றனென்று சந்தேகித்து அரசன் சிறையிலிட்டான். 1697-ல் அங்கே வைசூரி பரவியது. உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, சுவாமியார் மதபேதம் பாராமல் புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். 1711-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கண்டியிலேயே மரித்தார். 2015-ல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சிஷ்ட பட்டம் அளித்தார்.

பெற்றோரே, ஒன்றை யோசியுங்கள். கோவிலும் இல்லை, குருவும் இல்லை. ஆயினும் 30 வருஷமாய் அந்த வீடுகளில் தாய்மார் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இல்லாவிடில் சுவாமியாரின் ஜெபமாலையை அங்கே யார் அறிந்திருப்பார்? அவர் இன்று நம் வாசலில் வந்து நின்றால், நம் பிள்ளைகளின் முகம் மலருமா? இன்றிரவு விளக்கேற்றியதும் குடும்பமாய் முழந்தாளிட்டு அதற்கு விடை சொல்லுங்கள்.