லிண்ட்லி மரே

ஆங்கிலம் பயிலும் நம்மனோரை மயக்குஞ் சொற்களுள் 'மஸ்ட்', 'ஷுட்', 'ஆட்' என்னும் மூன்றும் தலையாயவை. தமிழில் நாம் 'வேண்டும்' என்னும் ஒரு சொல்லாலேயே விலக்கொணாத அவசியத்தையும் செய்யத்தக்க கடமையையும் உணர்த்திவிடுகின்றோம். ஆங்கிலமோ இவற்றை வேறு பிரித்துரைக்கும். இவ்வேறுபாட்டை இளைஞர்க்கு எளிதிற் புகட்டிய இலக்கணப் புலவருள் ஒருவராகிய லிண்ட்லி மரேயின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் 1745-ம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பென்ஸில்வேனியாவிற் பிறந்தார். வணிகராகிய தந்தையார் மகனையும் அத்தொழிலிற் புகுத்த விரும்பினார். மகனோ சட்டம் பயின்று நியூயார்க்கில் நியாயவாதியானார். பின்னர் வாணிகத்தாலும் பெரும்பொருள் ஈட்டினார். அந்நிலையில் தசைகள் தளர்ந்து, நடக்கும் வலி குன்றிற்று. உடல்நலம் நாடி 1784-ல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவர், யார்க் நகரையடுத்த ஹோல்கேட்டில் தங்கினார். ஆயினும் நோய் நீங்கிற்றிலது.

அந்நகரில் குவேக்கர் சங்கத்தார் நடத்திய பெண்கள் பாடசாலையின் ஆசிரியைகள் தக்க இலக்கண நூலொன்று இயற்றித் தருமாறு அவரை வேண்டினர். அந்நூல் 1795-ல் வெளிவந்தது. பிஷப் லௌத் முதலிய முன்னோர் நூல்களினின்றும் தொகுத்ததென்பதை மரே மறைத்தாரல்லர். 'மஸ்ட்' அவசியத்தைக் குறிக்குமென்றும், 'ஷுட்' முதற்கண் கடமையைக் குறித்து, இடம் நோக்கிப் பொருள் வேறுபடுமென்றும் அதன்கண் விளக்கினார். 'மஸ்ட்', 'ஆட்' இரண்டையும் எல்லா வடிவமும் பெறாத வினைகளுள் வைத்தார்.

ஓர் உதாரணத்தால் இதனைத் தெளிவோம். பாலமில்லாத ஆறு பெருகியபோது அக்கரை சேர ஓடம் ஏறியே தீரவேண்டும், வேறு வழியில்லை. இது 'மஸ்ட்'. அக்கரை சேர்ந்தபின் ஓடக்காரனுக்குப் பேசிய கூலியைக் கொடுக்கவேண்டும். கொடாது ஓடிவிடவுங் கூடும். ஆனால் அது தகாது. இது 'ஆட்'. 'மஸ்ட்' கடமைக்கும் வருமெனினும், அங்கும் மறுத்தற்கு இடந்தராத வன்மை தோன்றும்.

மரேயின் வாழ்வை நோக்குமிடத்து இவ்விரண்டும் நமக்குத் தெளிவாகப் புலப்படுகின்றன. வீட்டினுள் அடங்கியிருத்தல் நோயால் நேர்ந்த அவசியம். அதனை அவர் விலக்க இயலவில்லை. நூலியற்றுதலோ அத்தகையதன்று. செல்வராகிய அவரை வறுமை தூண்டவில்லை, எவரும் கட்டாயப்படுத்தவுமில்லை. கடமையென்று தாமே மேற்கொண்டார். நூல்களால் வந்த பொருளையும் தருமங்களுக்கே ஈந்தார். அவருடைய இலக்கணம் பல பதிப்புகள் பெற்று, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணிறந்த மாணவர் கைகளில் விளங்கிற்று.

இறுதிப் பல ஆண்டுகள் வெளியே செல்லவும் இயலாதிருந்து, 1826-ல் ஹோல்கேட்டிலேயே காலமானார். அவசியம் நம்மைக் கேளாமலே வரும். கடமையோ நாம் ஏற்றாலன்றி நிறைவேறாது. அவ்விரு சொற்களையும் எழுதுமிடத்து, மரே அவற்றைப் பகுத்துக் காட்டிய திறத்தை நாமும் நினைவிற் கொள்வோமாக.