கடல் இல்லாத கோவைக்கும் கப்பலோட்டிய தமிழனுக்கும் என்ன சம்பந்தம்?

கோவையில் யாரிடம் வழி கேட்டாலும் வ.உ.சி. பூங்கா, வ.உ.சி. மைதானம் என்ற பெயர்கள் வாயில் வந்துவிடும். பொருட்காட்சியா, கட்சிக் கூட்டமா, பெரும்பாலும் அந்த மைதானம்தான். ஆனால் வ.உ.சிதம்பரம் பிள்ளை ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டவர். கடல் வாசனையே இல்லாத இந்த ஊரில் அவர் பெயர் எப்படி வந்தது?

அவர் வாழ்க்கையின் கசப்பான இரண்டு காலகட்டங்கள் இங்கேதான் கழிந்தன. முதல் தடவை கைதியாக வந்தார். இரண்டாவது தடவை வேலை தேடி வந்தார்.

கடல் யாருடையது?

1805இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் படை ஜெயித்த பிறகு, கடல் தங்களுடையது என்பதில் இங்கிலாந்துக்காரர்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. தீவு நாடு அது. வியாபாரம், சாப்பாடு, ஆட்சி எல்லாமே கப்பலை நம்பித்தான். அந்தப் பெரிய கணக்கில் தூத்துக்குடி - கொழும்பு வழித்தடம் ஒரு சின்னக் கோடு. அதைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி.

1906 அக்டோபரில் வ.உ.சி. அந்தக் கோட்டில் குறுக்கே வந்தார். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடியது. வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கியதும் வாடகைக்குக் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று பம்பாய் போனவர், பங்கு திரட்டி, 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்து சேர்த்தார்.

அப்புறம் நடந்ததை இன்றைய ஸ்டார்ட்அப் உலகம் நன்றாகவே புரிந்துகொள்ளும். எதிராளி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார். வ.உ.சி. எட்டணா என்றார். உடனே அவர்கள் ஓசிப் பயணமும் கையில் ஒரு குடையும் என்று இறங்கினார்கள். நஷ்டத்தைத் தாங்கும் பணம் யாரிடம் அதிகம் என்பதுதான் போட்டியே. கூடவே அரசு அதிகாரிகள் அவர்கள் பக்கம் வேறு.

செக்கடியில் ஒரு வக்கீல்

1908 தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி. கூடவே நின்று ஜெயித்துக் கொடுத்தார். அரசுக்கு அதுவே போதும். மார்ச் 12இல் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே விதித்தது இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 வருடம். தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு மனநிலையே பிறழ்ந்துபோனது. மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது என்றாலும், குடும்பத்துக்கு ஏற்பட்டதை எந்தக் கோர்ட்டாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை கோவைச் சிறை. மாடு இழுக்க வேண்டிய செக்கை அவரை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு சிறை வளாகத்தில் இன்றும் நினைவுச் சின்னமாக இருக்கிறது. வெளியே ஆதரவு இல்லாமல் போய்விடவில்லை. பெரியபுராணத்துக்கு உரை எழுதிய கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார் அவருக்கு உதவியவர்களில் முக்கியமானவர்.

சினிமாவில் காட்டாத ஒன்றும் உண்டு. இங்கிலாந்து அரசின் சிறையில் இருந்துகொண்டே அவர் தமிழாக்கம் செய்தது ஒரு இங்கிலாந்துக்காரரின் புத்தகத்தை! டெவன் கடற்கரை ஊரான இல்ஃபிரகூமில் உட்கார்ந்து மன அடக்கத்தைப் பற்றி எழுதிவந்த ஜேம்ஸ் ஆலனின் நூல்தான் ‘மனம் போல வாழ்வு’ ஆனது. வ.உ.சி.யின் சண்டை அதிகாரத்தோடு. அந்த நாட்டில் பிறந்தவர்கள் எல்லோரோடும் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெளியே வந்தபோது

கோவையிலிருந்து கண்ணூர் சிறைக்கு மாற்றப்பட்டு, 1912 டிசம்பரில் விடுதலையானார். கம்பெனி 1911லேயே கலைக்கப்பட்டிருந்தது. கப்பல் போட்டியாளர் கைக்கே போயிருந்தது. சொந்த மாவட்டத்துக்குப் போகத் தடை, வக்கீல் சன்னதும் பறிபோயிற்று. சென்னையில் மளிகைக் கடை, மண்ணெண்ணெய்க் கடை என்று வைத்துப் பார்த்தார். எதுவும் கட்டுப்படியாகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. இங்கிலாந்தின் கடலாதிக்கம் ஊரே பார்க்க ஆட்டம் கண்ட ராத்திரி அது. அந்தக் கடலில் போட்டி போட்டவரோ பிழைப்புக்கே திண்டாடிக்கொண்டிருந்தார்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு மாதக்கணக்கில் கடிதம் போட வேண்டியிருந்தது. கடைசியில், 1916இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. காந்தி மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் திலகரின் சீடரான அவருக்கு ஒத்துழையாமை இயக்கத்தில் நம்பிக்கை வரவில்லை. 1920இல் காங்கிரஸிலிருந்து விலகினார். செக்கு இழுத்தவர் கட்சிக்கு வெளியே நின்றது அன்றைய தலைவர்களை எவ்வளவு உறுத்தியது என்று தெரியவில்லை; உறுத்தியிருக்க வேண்டும்.

குடும்பத்தோடு அவர் மறுபடி கோவை வந்ததும் வயிற்றுப்பாட்டுக்குத்தான். கிடைத்தது ஒரு வங்கியில் மேலாளர் வேலை. வருமானம் போதவில்லை. சன்னதைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். அதை மீட்டுக் கொடுத்தவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. நன்றிக்கடனாகத் தன் கடைசி மகனுக்கு வ.உ.சி. வைத்த பெயர் வாலேஸ்வரன்.

பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில். 1927இல் காங்கிரஸுக்குத் திரும்பி சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்; அந்த ஒட்டுறவும் நீடிக்கவில்லை. கடைசி வருடங்களில் அரசியலைவிட தொல்காப்பியமும் திருக்குறளும் சிவஞானபோதமும்தான் அவரை அதிகம் பிடித்து வைத்திருந்தன.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார். அவர் விருப்பப்படியே அங்கிருந்த காங்கிரஸ் அலுவலகத்தில்தான் உயிர் பிரிந்தது. அந்த வருடம் எழுதிவைத்த உயிலில், தீர்க்க வேண்டிய கடன்களை வரிசையாகக் குறித்திருந்தார். துணிக்கடைப் பாக்கி, எண்ணெய்க்கடைப் பாக்கி எல்லாம் அதில் இருந்தன.