மேரி புன்னன் லூக்கோஸ்: மருத்துவச்சிகளை விரட்டாமல் கூட்டணி சேர்த்த திருவனந்தபுரம் டாக்டர்

டபுள் மார்க்கர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது என்ன? டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கூகுள். அடுத்தது, குடும்ப வாட்ஸ்அப் குரூப். கர்ப்ப காலத்தில் யார் சொல்வதை நம்புவது என்ற இந்தக் குழப்பம் புதுசு இல்லை. 100 வருஷத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் இதே சிக்கலை எதிர்கொண்டவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்.

1886 ஆகஸ்டில், கோட்டயம் அருகே அய்மனத்தில் பிறந்தவர். நம்ம ஊர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்ததும் அதே வருஷம், சில நாட்கள் முன்னதாக. மேரியின் அப்பா டி.இ. புன்னன், திருவிதாங்கூரின் முதல் மருத்துவப் பட்டதாரி. ஆனாலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் மகளுக்கு அறிவியல் சீட் கிடைக்கவில்லை. ஒரே காரணம், அவர் பெண். சரி என்று வரலாறு படித்து 1909-ல் பி.ஏ. முடித்தார். பிறகு கப்பல் ஏறி லண்டன் போய், 1915-ல் எம்.பி.பி.எஸ். டப்ளினின் ரோட்டண்டா மருத்துவமனையில் மகப்பேறு பயிற்சியும் பெற்றார்.

1916-ல் ஊர் திரும்பி, தைக்காடு பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். 1920-ல் கேரளாவின் முதல் சிசேரியனைச் செய்தவர் இவர்தான் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று.

அன்று பிரசவம் என்றால் வீடுதான், மருத்துவச்சிதான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்பதில் டாக்டரைவிட அவர் வார்த்தைக்கே மதிப்பு. மேரி அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. மருத்துவமனையில் பிரசவப் பயிற்சி வகுப்பைத் தொடங்கி, அந்த மருத்துவச்சிகளின் பிள்ளைகளையே சேர்த்துக்கொண்டார். நம்பிக்கை ஏற்கெனவே இருந்த வீட்டுக்குள் அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது ரிப்போர்ட்டில் வரும் ஓர் எண். '250-ல் 1' என்று வந்தால் வீடே ஆடிப்போகிறது. அதன் அர்த்தம்: இதே எண் வந்த 250 கர்ப்பங்களில் சுமார் 249-ல் அந்தக் குறைபாடு இருக்காது. 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பை மட்டுமே கணக்கிடும். நோயை உறுதி செய்யாது. உறுதி செய்ய பனிக்குட நீர் பரிசோதனை மாதிரி வேறு சோதனை வேண்டும். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயமும் உண்டு. செய்துகொள்வதா, வேண்டாமா என்பது கர்ப்பிணி எடுக்க வேண்டிய முடிவு. மாமியாரோ, லேபோ எடுப்பது இல்லை. அதற்கு முன்னால் இதையெல்லாம் அவருக்குப் புரியும் மொழியில் யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிஸியான ஓபி-யில் அதற்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்?

மேரி காலத்தில் கருவை ஸ்கேன் செய்யும் வசதியே கிடையாது. அல்ட்ராசவுண்ட் மகப்பேறு மருத்துவத்துக்குள் வந்தது 1958 வாக்கில்தான்.

அவரது பதவிப் பட்டியல் நீளம். 1922-ல் திருவிதாங்கூர் சட்டசபைக்கு நியமனம், 1924-ல் தற்காலிக சர்ஜன் ஜெனரல், 1938-ல் முழுப் பொறுப்பு. அமெரிக்காவில் அந்தப் பெயர் கொண்ட பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-ல்தான் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமைத்ததும் அவர்தான்.

1975-ல் பத்மஸ்ரீ வந்தது. அடுத்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி, 90 வயதில் காலமானார். அவர் வேலை பார்த்த தைக்காடு மருத்துவமனையில் இன்றும் பிரசவம் நடக்கிறது.