வயலின் பயின்ற அண்ணல் அம்பேத்கர்

மராட்டிய மாநிலத்துப் பூனா நகரில், அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் நினைவுக் காட்சிக்கூடம் ஒன்று உண்டு. அவர் தம் வாழ்நாளில் பயன்படுத்திய பொருள்கள் பல அங்கே காக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒரு வயலினும் இருக்கிறது. அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகவும், ஒடுக்கப்பட்ட மக்களின் ஒப்பற்ற வழிகாட்டியாகவும் நாம் அறிந்த அப்பெருமகனாருக்கும் வயலினுக்கும் என்ன தொடர்பு? கல்விப் பணியில் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கும் நாம் அதனை அறிந்துகொள்வது பெரிதும் நலம் பயக்கும்.

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். கபீரின் நெறியைப் பின்பற்றியவர். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திப் பக்திப் பாடல்களைப் பாடச் செய்வது அவ்வீட்டின் வழக்கம். பாட்டின் இனிமை அண்ணலின் செவியில் இளமையிலேயே விழுந்துவிட்டது. ஆனால் ஓர் இசைக்கருவியைக் கையிலெடுத்துப் பழகும் ஓய்வை வாழ்க்கை அவருக்கு அன்று தரவில்லை.

பள்ளியில் மற்ற மாணவரோடு சேர்ந்து உட்கார அவருக்கு உரிமை இல்லை. வீட்டிலிருந்து கொண்டுசென்ற கோணித்துண்டே அவருடைய இருக்கை. தாகம் எடுத்தால் தாமே குழாயைத் திறந்து நீர் அருந்தவும் கூடாது. உயர்நிலைப் பள்ளியில் வடமொழி பயில விரும்பியபோது அதுவும் மறுக்கப்பட்டது. பாரசீகத்தைப் பாடமாக ஏற்றார். பம்பாயில் குடும்பம் ஒரே அறையில் வாழ்ந்தது. மகன் முன்னிரவில் உறங்க, தந்தையார் விழித்திருந்து இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிப் படிக்கச் செய்வார். இவ்வாறு படித்து 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் கற்று, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அரைவயிறு உண்டு, நூலகம் திறக்கும் நேரத்தில் உள்ளே சென்று மூடும் நேரத்தில் வெளிவந்த காலம் அது. தாயகம் திரும்பிய பின்னும் ஓய்வில்லை. 1927-இல் மகாட் குளத்து நீருக்கான போராட்டம், 1930 முதல் 1932 வரை வட்டமேசை மாநாடுகள், 1947-இல் சட்ட அமைச்சர் பொறுப்பு, அதனைத் தொடர்ந்து அரசியலமைப்பு வரைவுப் பணி என்று ஆண்டுகள் உருண்டோடின. தமக்கென ஒரு நாழிகையை ஒதுக்கிக்கொள்ள அவரால் இயலவில்லை.

இத்தகைய பெருமகனார், அறுபதையொட்டிய வயதில், ஆசிரியர் ஒருவரை அமர்த்திக்கொண்டு வயலின் பயிலத் தொடங்கினார். அப்போது அவர் உடல் நலிந்திருந்தது. நீரிழிவு அவரை வாட்டியது. நரம்பு வலியால் கால்கள் துன்புற்றன. கண்பார்வையும் மங்கி வந்தது. அந்நிலையிலும் வயலினைத் தோளில் ஏந்தி வில்லைப் பிடித்தார். ஓவியம் தீட்டவும் பழகினார்.

வயலின் எளிதில் வசப்படும் கருவியன்று. வீணையில் மெட்டுகள் இருப்பதால் விரல் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். வயலினில் அத்தகைய அடையாளம் இல்லை. விரல் ஒரு நூலிழை விலகினாலும் சுரம் பிசகும். செவிதான் விரலுக்கு வழிகாட்ட வேண்டும். இடக்கை நான்கு தந்திகளின்மேல் ஓட, வலக்கை வில்லை ஒரே சீராக இழுக்க வேண்டும். சிறுவயதில் தொடங்குவோரின் விரல்கள் எளிதில் வளைந்து கொடுக்கும். முதிர்ந்தவரின் விரல்கள் அவ்வாறு இணங்குவதில்லை. தொடக்கத்தில் எழுவது கீச்சொலியே. பலமுறை பிழை செய்து, திருத்தப்பெற்று, மீண்டும் முயல வேண்டும்.

உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர். நாடாளுமன்றமே உற்றுக் கேட்கப் பேசியவர். அவர் ஓர் ஆசிரியர் முன் முதற்பாடம் கேட்கும் மாணவராக அமர்ந்தார் என்றால், அந்தப் பணிவு எத்துணைப் பெரியது! தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவர் நாணவில்லை. பள்ளியில் மறுக்கப்பட்ட வடமொழியையும் பின்னாளில் தம் முயற்சியால் கற்றார். பௌத்த நூல்களை ஆராயும் பொருட்டுப் பாலி மொழியையும் பயின்று, அதற்கு அகராதி தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டார்.

இதில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் ஊர்களில் பறை முழக்குவது நம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. சாவு வீட்டில் அடி என்றால் அடிக்க வேண்டும், மறுத்தால் தண்டனை. பறை இழிவானதன்று, அதன் முழக்கம் வீரம் மிக்கது. கட்டாயமே இழிவு. இன்று அதே பறையை இளைஞரும் பெண்களும் தம் விருப்பத்தால் கற்றுப் பெருமிதத்தோடு முழக்குகின்றனர். கட்டளைக்குப் பணிந்து வாசிப்பதற்கும், தன் உள்ளம் விரும்பிக் கற்பதற்கும் உள்ள தொலைவே அடிமைக்கும் உரிமையுள்ள மனிதனுக்கும் உள்ள தொலைவு. அண்ணலின் வயலின் எவருடைய ஏவலுக்கும் ஒலித்ததன்று. ஊதியத்திற்காகவோ பதவிக்காகவோ அவர் அதனைக் கற்கவில்லை. தம் மனத்தின் மகிழ்ச்சிக்காகவே கற்றார். ஒடுக்கப்பட்ட மனிதனுக்குச் சோறும் வேலையும் கிடைத்தால் போதும் என்று எண்ணுவோர் பலர். கலையும் ஓய்வும் அழகும் அவனுக்கும் உரியவை என்பதை அண்ணலின் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

காலம் கடந்தவர்க்கும் கல்வியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தம் பணியிலும் அவர் மெய்ப்பித்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். பகலில் வேலைக்குச் செல்வோரும் பயிலும் வண்ணம் அங்கே காலை வகுப்புகள் நடைபெற்றன. உழைப்பாளிகள் பலர் அவ்வழியே பட்டதாரிகளாயினர்.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். அதன்பின் இரண்டு திங்கள்கூட நிறைவுறவில்லை. டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, டெல்லி அலிப்பூர் சாலையில் உள்ள இல்லத்தில், இசைத்தட்டில் ஒலித்த புத்தவந்தனையோடு சேர்ந்து தாமும் மெல்லப் பாடினார். பின்னர்க் கபீரின் பாடலொன்றையும் முணுமுணுத்தார். தந்தையார் வீட்டில் கேட்ட இசை இறுதி இரவு வரை அவரோடு இருந்தது. உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் 6-ஆம் தேதி காலையில் நாடு அவரை இழந்து நின்றது.

அன்பார்ந்த இளைஞர்களே! வேலைக்குப் பயன்படாத கல்வி வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு கருவியையோ, ஓவியத்தையோ, மற்றொரு மொழியையோ உங்கள் உள்ளம் நாடினால் தயங்காது கற்றுக்கொள்ளுங்கள். அன்பார்ந்த பெரியோர்களே! எழுத்தறியும் வகுப்பில் பேரப்பிள்ளை வயதினர் முன் அமர்வதற்கு நாணுகின்றீர்களா? அண்ணலின் வயலினை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் எழும் கீச்சொலி எவருக்கும் இழிவன்று. அதனைத் தாங்கிக்கொள்பவரே பின்னர் இசையைக் கேட்பர்.