காலுக்கேற்ற சைக்கிள் தந்தவர்

சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஒரு நட்டு இருக்கிறது. அதைத் தளர்த்தினால் சீட்டை உயர்த்தலாம், இறக்கலாம். காலையில் அப்பா ஓட்டிய சைக்கிளை மாலையில் மகள் ஓட்டலாம். சைக்கிள் கடைப் பையன் இரண்டே நிமிடத்தில் இந்த வேலையைச் செய்துவிடுவான்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள்.

ஒரு காலத்தில் இந்த வசதி கிடையாது. சைக்கிள் எப்படியோ, அதற்குத் தகுந்தபடி மனிதன் இருக்க வேண்டும். கால் நீண்டவருக்கு ஒரு சைக்கிள். கால் குட்டையானவருக்கு வேறு சைக்கிள். ஒருவர் சைக்கிளை இன்னொருவர் ஓட்டுவது கஷ்டம். பாவாடை கட்டிய பெண்களோ இரண்டு சக்கர சைக்கிளில் ஏறவே முடியாது.

இந்த நிலையை மாற்றியவர் ஒரு தோட்டக்காரரின் மகன். அவர் பெயர் ஜான் கெம்ப் ஸ்டார்லி.

லண்டனில் இருந்து வந்த வாலிபர்

லண்டன் நகரத்தை ஒட்டியது வால்தம்ஸ்டோ என்ற ஊர். 1850-களின் நடுவில் ஸ்டார்லி அங்கே பிறந்தார். தகப்பனாருக்குத் தோட்ட வேலை. பெரிய சொத்து எதுவும் இல்லை.

ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு மேதை இருந்தார். தகப்பனாருடன் பிறந்த ஜேம்ஸ் ஸ்டார்லிதான் அவர். ஜேம்சும் முதலில் தோட்டக்காரர்தான். சிறு வயதிலேயே வீட்டைவிட்டு ஓடி வந்தவர். மண்வெட்டி பிடித்த கை, ஓய்வு நேரத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்யும். பிறகு தையல் மெஷினில் புதுமை செய்தது. அந்தத் தொழிலுக்காக அவர் கவன்ட்ரி என்ற ஊருக்குப் போனார்.

கவன்ட்ரி அப்போது சோதனையான காலத்தில் இருந்தது. பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர் போன ஊர் அது. 1860-ல் அந்தத் தொழில் நொடித்துப் போயிற்று. ஆயிரக்கணக்கான நெசவாளர்கள் வேலை இழந்தார்கள். 1860-களின் இறுதியில் பாரிஸ் நகரத்திலிருந்து ஒரு புது வண்டி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு சக்கரம். முன்சக்கரத்திலேயே பெடல். அதைப் பார்த்த ஜேம்ஸ், இதைவிட நன்றாக நான் செய்வேன் என்று இறங்கினார். தையல் மெஷின் கம்பெனி சைக்கிள் கம்பெனி ஆயிற்று. ஊருக்கு மறுபடியும் சோறு கிடைத்தது.

1872-ல் வாலிபர் ஸ்டார்லி கவன்ட்ரிக்கு வந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. ஜேம்சிடமே வேலைக்குச் சேர்ந்தார். கல்லூரி அவருக்குப் பட்டறைதான்.

ஆளை விழுங்கும் சக்கரம்

அங்கே அவர் கண்ட சைக்கிள் எப்படி இருந்தது தெரியுமா?

முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரம். பின்சக்கரம் ஒரு முறம் அளவு. சீட் முன்சக்கரத்தின் உச்சியில். ஏணியில் ஏறுவதுபோல் ஏற வேண்டும்.

ஏன் அவ்வளவு பெரிய சக்கரம்? காரணம் இருக்கிறது. அந்த வண்டியில் செயின் இல்லை. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு மிதி மிதித்தால் சக்கரம் ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகமாகப் போகவேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும்.

ஆனால் சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைக் கால்தான் தீர்மானித்தது. கால் எட்டினால்தானே மிதிக்க முடியும்? நெடிய ஆள் 60 அங்குலச் சக்கரம் வாங்குவார். குள்ளமானவருக்கு 50 அங்குலம்கூட எட்டாது. எவ்வளவு பலம் இருந்தாலும் குள்ளமானவர் பின்தங்க வேண்டியதுதான். சைக்கிள் வாங்கப் போகிறவருக்கு முதலில் தொடையிலிருந்து பாதம் வரை அளவு எடுப்பார்கள். அந்த அளவுக்குச் சக்கரம். பிறகு அதைப் பெரிதாக மாற்ற வழியில்லை.

நம் ஊர்ச் சிறுவர்கள் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போடுவார்கள் அல்லவா? பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை வளைத்து ஓட்டுவார்கள். சைக்கிள் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் ஆள் சைக்கிளுக்குப் பொருந்திக்கொள்கிறான். ஆனால் அந்த உயரச் சக்கரத்தில் குரங்குப் பெடலும் போட முடியாது!

ஆபத்து வேறு. வழியில் ஒரு கல் தட்டினால் போதும். பின்சக்கரம் மேலே தூக்கும். ஓட்டுபவர் தலைகுப்புறத் தரையில் விழுவார். கை ஒடிந்தவர்கள் பலர். உயிர் இழந்தவர்களும் உண்டு.

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூன்று சக்கர வண்டிகள் இருந்தன. ஜேம்ஸ் செய்த வண்டியை விக்டோரியா மகாராணியே 1881-ல் வாங்கினார். ஆனால் அந்த வண்டிகள் கனம். மேட்டில் ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கும். வீட்டில் நிறுத்த இடமும் வேண்டும். அந்த ஆண்டிலேயே ஜேம்ஸ் காலமானார்.

முதலில் மனிதன், பிறகு வண்டி

ஸ்டார்லி அதற்குள் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். வில்லியம் சட்டன் என்ற சைக்கிள் பிரியர் அவருக்குக் கூட்டாளி. மூன்று சக்கர வண்டி செய்து விற்றார்கள். அதற்கு ‘ரோவர்’ என்று பெயர் வைத்தார்கள். ஊர் சுற்றுபவன் என்று அர்த்தம்.

தொழில் நடந்தது. ஆனால் ஸ்டார்லிக்கு மனம் நிறையவில்லை.

மற்றவர்கள் எல்லாரும் சக்கரத்தைப் பற்றி யோசித்தார்கள். ஸ்டார்லி, அதில் உட்காரும் மனிதனைப் பற்றி யோசித்தார். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அவன் உட்கார வேண்டும்? சீட் எங்கே இருந்தால் கால் பலம் முழுவதும் பெடலில் இறங்கும்? கைப்பிடி எங்கே இருந்தால் களைப்பு குறையும்? முதலில் இவற்றுக்கு விடை காண வேண்டும். சக்கரத்தையும் இரும்புக் குழாய்களையும் பிறகு அதற்கேற்ப அமைக்க வேண்டும். இதுதான் அவர் எண்ணம்.

செயின் அவருக்குக் கைகொடுத்தது. பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் வண்டியை லாசன் என்பவர் 1879-லேயே செய்திருந்தார். அது விற்பனையில் ஜெயிக்கவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. செயின் இருந்தால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டாம். பல்சக்கரத்தின் அளவை மாற்றினால் வேகம் கிடைத்துவிடும். வேகத்துக்கும் கால் நீளத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது!

1885-ம் ஆண்டு ‘ரோவர் சேப்டி’ சைக்கிள் வெளிவந்தது. சேப்டி என்றால் பாதுகாப்பு. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் ஆள். கால் நீட்டினால் தரை. சீட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். முன்னும் பின்னும் நகர்த்தலாம். கைப்பிடியையும் மாற்றி வைக்கலாம்.

முதல் மாதிரியில் குறை இருந்தது. கைப்பிடியிலிருந்து முன்சக்கரத்துக்கு நேர்த் தொடர்பு இல்லை. இடையில் கம்பிகள் வைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டார்லி சளைக்கவில்லை. திருத்தினார். மறுபடி திருத்தினார். முன் கவையைச் சாய்த்து, கைப்பிடியை நேராக அதோடு சேர்த்தார். இன்று தெருவில் ஓடும் சைக்கிளின் உருவம் அப்போதுதான் வந்தது.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

புதுச் சைக்கிளைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். உயரச் சக்கரத்தில் போவதுதான் வீரம் என்று வாலிபர்கள் நினைத்த காலம் அது. தரையை ஒட்டிப் போகும் குள்ள வண்டி அவர்களுக்கு விளையாட்டுப் பொருளாகத் தெரிந்தது.

வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. ஓட்டிக் காட்ட வேண்டும். 1885 செப்டம்பரில் ரோவர் சைக்கிள்களை வைத்து 100 மைல் பந்தயம் நடந்தது. ஜார்ஜ் ஸ்மித் என்பவர் ஜெயித்தார். 100 மைலை அவர் கடந்த நேரம் சுமார் 7 மணி 5 நிமிடம். அது ஒரு சாதனை. அத்துடன் சிரிப்பு அடங்கியது.

1888-ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். சின்னச் சக்கரத்தில் இருந்த குலுக்கலும் போயிற்று. சில ஆண்டுகளுக்குள் உயரச் சக்கர வண்டி செய்வதையே கம்பெனிகள் நிறுத்திவிட்டன. நடுவில் பார் இல்லாத பெண்கள் சைக்கிளும் வந்தது. யார் துணையும் இல்லாமல் பெண்கள் வெளியே போக அது வழி திறந்தது.

பணம் வந்தபோதும் ஸ்டார்லி பட்டறையை மறக்கவில்லை. 1888-ல் மின்சாரத்தில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து பார்த்தார். அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. 1896-ல் அவருடைய தொழில் ‘ரோவர் சைக்கிள் கம்பெனி’ ஆயிற்று.

நட்டும் பவுனும்

1898-ல் லண்டனில் அறிஞர்கள் நிறைந்த ‘சொசைட்டி ஆப் ஆர்ட்ஸ்’ சங்கத்தில் ஸ்டார்லி பேசினார். சைக்கிள் வளர்ந்த கதைதான் பேச்சு. தம் வண்டியைச் செய்தபோது எவற்றை நினைத்துச் செய்தேன் என்று அங்கே விளக்கினார். ஓட்டுபவனின் உயரம், சீட் இருக்கும் இடம், கைப்பிடி இருக்கும் இடம், இவற்றை ஆளுக்கு ஆள் மாற்றும் வசதி. இவைதான் முக்கியம் என்றார். எஃகின் பெருமையையோ வேகத்தின் பெருமையையோ அவர் முதலில் வைக்கவில்லை.

இன்று இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ‘பைக் பிட்டிங்’ என்பார்கள். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் சைக்கிளுக்கு உடம்பை அளவெடுப்பார்கள். ஒரு சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி உங்களை மிதிக்கச் சொல்வார்கள். காமிரா வைத்து முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார்கள். பழைய அடி, காயம் எல்லாம் விசாரிப்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். இங்கிலாந்தில் பல இடங்களில் இதற்கு 100 பவுனுக்கு மேல் வாங்குகிறார்கள். நம் நாட்டிலும் ஆயிரக் கணக்கில் ஆகும்.

அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

கடைக்கும் ஆபீசுக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை என்றே சொல்வேன். அவர்களுக்கு ஸ்டார்லி தந்த நட்டுப் போதும். சீட்டில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் சீட் சரியான உயரத்தில் இருக்கிறது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் சிறிது மடங்கும். அதுதான் வேண்டியது. சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். கைப்பிடி மிகவும் தள்ளியிருந்தால் கழுத்தும் முதுகும் நோகும், உள்ளங்கை மரத்துப்போகும்.

கணக்காக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு அளவும் உண்டு. 1967-ல் இங்கிலாந்தில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து சொன்னது. தொடை கூடும் இடத்திலிருந்து தரை வரை கால் 80 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதில் நூற்றுக்கு 109 பங்கு என்றால் சுமார் 87 சென்டிமீட்டர். கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அவ்வளவு இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் டேப்பே இதற்குப் போதும்.

ஆனால் வாரந்தோறும் நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே நிலையில் குனிந்து, மணிக்கு ஐயாயிரம் தடவை பெடலைச் சுற்றுகிறார்கள். சிலர் பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ போடுகிறார்கள். அதில் பாதம் ஒரு மயிரிழை திரும்பியிருந்தாலும் முழங்கால் கேட்டுவிடும். இரண்டு காலும் ஒரே நீளம் இல்லாதவர்களும் உண்டு. நட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் வலி போகவில்லையானால், அவர்கள் தேர்ந்தவரிடம் பணம் கொடுப்பது வீண் செலவு அல்ல. ஆனால் புதுச் சைக்கிள் வாங்குவதற்கு முன்பே அளவு பார்ப்பது நல்லது. உடம்புக்குப் பெரிதான சைக்கிளை வாங்கிவிட்டுப் பிறகு எந்த நிபுணரிடம் போனாலும் பாதி வேலைதான் நடக்கும்.

அகால மரணம்

ஸ்டார்லி நீண்ட நாள் வாழவில்லை. 1901 அக்டோபர் 29-ம் தேதி காலமானார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் போன பிறகு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்தது. 1904-ல் கார் செய்தது. 1948-ல் காடுமேடெல்லாம் ஏறும் ‘லாண்ட் ரோவர்’ வந்தது. அந்தப் பெயர் உலகம் முழுவதும் பரவியது. 2005-ல் ரோவர் கார் கம்பெனி மூடப்பட்டது. அவருடைய 1885-ம் ஆண்டுச் சைக்கிள் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

போலந்து நாட்டில் ரோவர் சைக்கிள் விற்றபோது, அங்குள்ள மக்கள் கம்பெனியின் பெயரையே வண்டியின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அந்த நாட்டுக் குழந்தைகள் எந்தக் கம்பெனி சைக்கிளைப் பார்த்தாலும் ‘ரோவெர்’ என்றுதான் சொல்கிறார்கள்.